குடும்ப நாவலில் பிள்ளைகள்: ராமநாதபுரம் கடற்கரையில் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் உள்ள ஊர்களில் முதல் நாவல் எழுதுகிற பலர் தங்கள் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தருகிறார்கள். முக்கால்வாசி குடும்பக் கதைகள். எல்லாவற்றிலும் ஒரு பிள்ளை உண்டு, கேள்விகளும் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் பாம்பனில் கடல்தொழில் வீட்டில் பிறந்தவள். உதாரணங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்தே வரும்.

பிள்ளையை வைத்து அப்பா அம்மாவைக் காட்டுவது என்றால், பிள்ளை அவர்களைப் பற்றிப் பேச வேண்டுமா?

பேச வேண்டியதே இல்லை. "எங்க அப்பாவுக்குக் கோபம் வரும்" என்று பிள்ளை சொன்னால் அது தகவலோடு நின்றுவிடும். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், தங்கச்சி கையிலிருக்கும் கண்ணாடித் தம்ளரை அக்கா வாங்கி அலமாரிக்குள் வைக்கிறாள் என்று எழுதிப் பாருங்கள். இந்த வீட்டில் முன்பொரு நாள் தம்ளர் உடைந்திருக்கிறது, அன்றைக்கு என்னவோ நடந்திருக்கிறது என்று வாசகர் தாமே கண்டுகொள்வார். அந்தப் பழைய நாளை நீங்கள் எழுதவே வேண்டாம்.

பெற்றோரோடு வாழ்வதற்காகப் பிள்ளை என்னென்ன பழகி வைத்திருக்கிறது என்று பாருங்கள். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கள் வீட்டில் அப்பா கரைக்கு வருகிற நேரம் பார்த்து அம்மா தம்பியைக் கடற்கரைக்கு அனுப்புவாள். தம்பி ஓடி வந்தால் மீன்பாடு நன்றாக இருக்கிறது. நடந்து வந்தால், உலையில் போட அளந்து வைத்த அரிசியில் ஒரு கை எடுத்து அம்மா திரும்பப் பானையில் போட்டுவிடுவாள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தம்பிக்கு அப்போது ஏழு வயது. மோசமான நாளில் நடந்து வர வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு வருகிற மனுஷனிடம் வாசலில் வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அம்மாவின் வழக்கம். கேட்டால் அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இரண்டு பேருடைய குணமும் அந்தப் பையனின் நடையில் இருந்தன. இதை நான் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வயதானது.

"தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்" என்ற 114-ஆம் குறளில் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள் கொள்கிறார். பின்னால் வந்தவர்கள் சிலர் புகழும் பழியும் என்று கொண்டார்கள். நாவல் எழுதுகிறவருக்குப் பரிமேலழகர் உரைதான் உதவும். ஆனால் நல்லவருக்கு நல்ல பிள்ளை, கெட்டவருக்குக் கெட்ட பிள்ளை என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்தால் "அப்பா ஊர்ல இல்லை" என்று கண் இமைக்காமல் சொல்கிற பிள்ளை, பொய்யே சொல்லத் தெரியாத அப்பாவுக்கும் பிறக்கும். அவருக்குத் தெரியாததால்தான் பிள்ளை கற்றுக்கொண்டது.

எத்தனை வயதுப் பிள்ளை சரியாக வரும்?

ஐந்தாறு வயதுப் பிள்ளை பார்த்ததை அப்படியே செய்து காட்டும். எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் கவனிக்கும், கவனித்ததை மறைக்கவும் தெரியும். எனக்குப் பிடித்த வயது அது. பதிமூன்றுக்கு மேல் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடும். அப்போது வாசகருக்குப் பெற்றோரைவிடப் பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் தெரியவரும்.

என் நாவலில் ஒன்பது வயதுப் பெண் பெரிய மனுஷி மாதிரிப் பேசுகிறாள். மாற்றிவிடவா?

யாருடைய பேச்சு அது? உங்களுடைய பேச்சு என்றால் வெட்டுங்கள். "பணம் வரும் போகும், பாசம்தாம்மா நிலைக்கும்" என்று ஒன்பது வயதுப் பெண் சொல்லமாட்டாள். அவளுடைய அப்பத்தாவின் பேச்சு என்றால் விட்டுவிடுங்கள். கருவாடு விற்கவோ கடல்பாசி எடுக்கவோ அம்மா விடியுமுன் போய்விடுகிற வீடுகளில் பிள்ளை அப்பத்தா மடியில்தான் வளர்கிறது. பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தால், "விளக்கு வச்சப்பறம் உப்புக் குடுக்கக் கூடாது அத்தை, விடிஞ்சு வாங்க" என்று அந்தப் பெண் சொல்லட்டும். இந்த வீட்டில் பகலில் அம்மா இருப்பதில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே வந்துவிடும்.

அப்பா பாதி நாள் கடலில். வீட்டில் இல்லாதவரை எப்படிக் காட்டுவது?

அவர் இல்லாத நேரத்தைப் பிள்ளை எப்படி எண்ணுகிறது என்பதை வைத்துக் காட்டலாம். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று முறை. ராமேசுவரம் பக்கத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலையில் திரும்பும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வாரம் என்பதே வேறு. சனிக்கிழமை போன படகு ஞாயிற்றுக்கிழமை எந்நேரத்துக்குக் கரை வரும் என்பதைப் பொறுத்துத்தான் தங்கச்சிமடத்துப் பிள்ளைக்கு அப்பாவோடு பூசைக்குப் போகிற பாக்கியம். கோயிலில் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு உட்காருகிற பிள்ளையை எழுதுங்கள். பூசை முடியும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தாலும் அப்பா அத்தியாயத்துக்குள் வந்துவிடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், அந்தத் தெருவில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ரிமாண்ட் என்ற சொல் தெரிந்துவிடும். நெடுந்தீவு, காங்கேசன்துறை, யாழ்ப்பாணச் சிறை எல்லாம் பள்ளிக்கூட வரைபடத்தில் பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். ஒரு பிரதியில் ஒரு சிறுமி விளையாட்டில் பொம்மையை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, "பதினாலு நாள் கழிச்சு வாய்தா, அழாம இரு" என்கிறாள். அம்மா அவளிடம் எதையும் மறைக்கவில்லை, மறைக்க அந்த வீட்டில் இன்னோர் அறை இல்லை. அதே பிரதியில் அம்மா மூன்று பக்கம் அழுகிறாள். அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்.

பெற்றோரும் பிள்ளைகளும் நாள் முழுக்கச் சேர்ந்து இருக்கிற காலம் கதையில் கிடைப்பதே இல்லையே?

கிடைக்கிறது. நம் கடற்கரையில் எழுதுகிறவர்கள் ஏன் அதைப் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. வருடம் முழுக்க அரைத் தூக்கத்தில் பார்த்த அப்பா திடீரென்று காலை முதல் இரவு வரை வீட்டில் இருக்கிறார். பிள்ளைகளும் வீட்டில். காசு வரத்து இல்லை. படகு மராமத்துக்கும் வலைக்கும் செலவு மட்டும் உண்டு. ஒரு குடும்ப நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் வாரம் அப்பா வந்தது பிள்ளைகளுக்குத் திருவிழா. இரண்டாவது வாரம் பையன் தன் வழக்கமான இடத்தில் சாப்பிட உட்காரமாட்டான், அங்கே அப்பா உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் அப்பா பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்ப்பார், எத்தனையாவது படிக்கிறான் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது என்று பையன் கண்டுகொள்வான். அதைக் காட்டிக்கொள்ளாமல், "அஞ்சாப்பு முடிஞ்சுச்சுப்பா, இனி ஆறு" என்று அவன் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால், அப்பாவின் மானத்தைப் பிள்ளை காப்பாற்றிவிட்டான். அந்தப் பிள்ளையை அப்படி வளர்த்தவள் அம்மா என்பதும் அங்கேயே தெரிகிறது. ஐந்தாவது வாரம் வலை பின்ன அப்பா பையனைப் பக்கத்தில் உட்காரவைப்பார். பையன் கை வேகமாகப் போகும். அதைப் பார்த்து அவர் சந்தோஷப்படுகிறாரா பயப்படுகிறாரா என்பதில்தான் உங்கள் அப்பா யார் என்பது இருக்கிறது. எங்கள் அப்பா பயந்தார். ஊசியை வாங்கி வைத்துவிட்டு, "போய்ப் படி" என்றார். ஜூன் மாதம் படகு கிளம்பும்போது வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் நிம்மதி, அந்த நிம்மதிக்காக வெட்கமும்.

அம்மா பாத்திரம் எப்போதும் தியாகியாகவே வந்துவிடுகிறது. என்ன செய்ய?

பிள்ளையின் கைகளைப் பாருங்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முங்கும்போது, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். ஆறு வயதுப் பெண் வாசல் தொட்டித் தண்ணீரில் விளையாடப் போகும் முன் பழைய புடவைக் கிழிசலை விரல்விரலாகச் சுற்றிக்கொள்கிறாள் என்று எழுதுங்கள். வேலைக்குப் போகும் அம்மாவிடம் பெருமையும் இருக்கிறது, நேர்த்தியும் இருக்கிறது. மகள் துணியை இறுக்கி முடிச்சுப் போடுகிற விதத்தில் அது தெரியும். தியாகம் என்ற சொல் தேவைப்படாது.

அதே பிள்ளை பொய்யும் சொல்லட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போவது கெடுபிடியான காரியம். தெரியாத ஆள் வந்து "அம்மா எங்கே?" என்று கேட்டால், "ரேஷன் கடைக்கு" என்கிறாள் பிள்ளை. அம்மா சொல்லிக் கொடுத்த பொய் அது. அவள் பயப்படுகிறாள், ஆனாலும் போகிறாள் என்று அந்தப் பொய் சொல்லிவிடுகிறது. கொஞ்சம் தந்திரமும் பிடிவாதமும் உள்ள அம்மாவைத்தான் வாசகர் நம்புவார்.

குடிக்கிற அப்பா. எப்படி எழுதினாலும் சினிமா மாதிரி இருக்கிறது.

அடியையும் அலறலையும் விடுங்கள். வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கமாட்டேன் என்கிற ஒரு பெண்ணை எழுதுங்கள். பக்கத்துப் பிள்ளை காம்பஸ் கேட்கிறாள், இல்லை என்கிறாள். டீச்சர் திறக்கச் சொல்கிறார், அழுகிறாள். உள்ளே அம்மா மடித்து வைத்த சீட்டுப் பணம். வீட்டில் எங்கே வைத்தாலும் அப்பா கண்டுபிடித்துவிடுவார், பிள்ளையின் பையை மட்டும் தொடமாட்டார். அந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிடாதீர்கள். மகளின் பையைத் தொடாத அளவுக்கு ஒரு மிச்சம் அவரிடம் இருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியும், அதை நம்பித்தான் அங்கே வைக்கிறாள். என்றைக்கு அவர் அந்தப் பையைத் திறக்கிறாரோ அன்றைக்கு உங்கள் நாவலில் ஒரு குடும்பம் முடிகிறது.

குடித்த இரவில் அப்பா சொல்கிற கடல் கதைகளுக்காகப் பிள்ளை தூங்காமல் காத்திருக்கும். இதை எழுதத் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம், பிள்ளைகள் அப்படித்தான்.

எங்கள் ஊர் கீழக்கரை. வாப்பா வெளிநாட்டில். மேலே சொன்னவை எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் வீட்டின் அமைப்பு வேறு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்கிற வழக்கம் உங்கள் ஊரில் பல குடும்பங்களில் உண்டு. பிள்ளை உம்மாவின் உம்மா வீட்டில் பிறந்து வளர்கிறது. வாப்பா விடுமுறைக்கு வருகிறவர். அவர் வந்த மூன்றாம் நாள் இரவு பிள்ளை உம்மாவின் காதில், "வாப்பா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்பதாக வையுங்கள். பிள்ளை மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி அவருக்கும் கொடுக்கிறது, நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்கிறது. உம்மா சிரித்தாளா, பிள்ளையின் வாயைப் பொத்தினாளா, விளக்கை அணைத்தாளா என்று மட்டும் நீங்கள் முடிவு செய்தால் போதும்.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் வேண்டுமா?

முடிந்தால் வையுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் வாய்த்தது ஒரே பெற்றோர் இல்லை. மூத்தவன் பிறந்தபோது அப்பா அடுத்தவர் படகில் பங்குக்குப் போனவர். கடைக்குட்டி பிறந்தபோது சொந்தப் படகு. சாப்பாட்டில் மூத்தவன் கேட்காமலே மீன் தலையை எடுத்துக்கொள்வான். சின்னவள் நடுத்துண்டு இல்லையென்றால் தட்டைத் தள்ளுவாள். அப்பா அவளைக் கொஞ்சுவதையும், அதை மூத்தவன் பார்க்காத மாதிரி முள் எடுப்பதையும் ஒரே காட்சியில் எழுதினால் அந்தக் குடும்பத்தின் பன்னிரண்டு வருடமும் அந்தத் தட்டில் இருக்கும்.

பிள்ளையின் பேச்சை வட்டார வழக்கில் எழுதவா, பொதுத் தமிழிலா?

வழக்கில்தான். ஆனால் மீன் பெயரையும் காற்றின் பெயரையும் அள்ளிப் போடுவது வழக்கு ஆகிவிடாது. வினைச்சொல்லின் வாலைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் புருஷனைப் பற்றிப் பேசும்போது "அவுக வந்தாக, சாப்பிட்டாக" என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படியே சொல்லிவந்த அம்மா ஒரு நாள் "அந்த ஆளு வந்துச்சா?" என்று கேட்கிறாள். அது அவள் வாயில் வந்ததைவிட, மறுநாள் அப்பத்தாவிடம் பிள்ளை ஒன்றும் அறியாமல் "அந்த ஆளு இன்னும் வரலை" என்று சொல்லும்போதுதான் வீடு அதிரும். அப்பத்தா கையில் இருந்த வெற்றிலையை மடிக்காமல் வைத்துவிடுவாள். சண்டைக் காட்சி வேண்டாம்.

1964 புயலைப் பிள்ளை வழியாகச் சொல்ல நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வயதுக் கணக்கு. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அதில் இருந்தவர்களோடு அலையில் போனது. அன்றைக்குப் பத்து வயது என்றால் 2024-இல் எழுபது. இன்றைய பிள்ளைக்கு அவர் அய்யாவாகவோ அப்பத்தாவாகவோதான் இருக்க முடியும்.

அடுத்தது, பத்து வயதுப் பிள்ளைக்குப் புயலின் பெருமை தெரியாது. அப்பா எந்தப் பிள்ளையை முதலில் தூக்கினார் என்பது தெரியும். அதை எழுபது வயது வரைக்கும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கவும் தெரியும். நான் எழுதுவதாக இருந்தால் அந்த ஒரு விஷயத்தை வைத்தே முழு நாவலையும் எழுதுவேன்.

காலத் தவறு வராமல் இருக்க வேறு என்ன பார்க்க வேண்டும்?

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான். ரயில் பாலம் 1914-இல் திறந்தது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. 1980-இல் நடக்கிற கதையில் ராத்திரி காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தீவிலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற முடியாது. ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வள்ளம். அந்தக் காத்திருப்பில் அப்பா நிற்கிற நிலை, அம்மா மடியில் பிள்ளையை மாற்றி மாற்றிக் கிடத்துகிற விதம், எல்லாம் உங்களுக்கு இனாமாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் ஏற்றி அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதேபோல 2022 டிசம்பர் கடைசியில் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. 2023-இல் பாலத்து ரயிலுக்கு டாட்டா காட்டுகிற பிள்ளை இருக்க முடியாது.

எங்கள் வீட்டுக் கதையையே எழுதலாமா?

எழுதலாம். முதலில் படகின் பெயரை மாற்றுங்கள். ஆளின் பெயரை மாற்றினாலும் படகின் பெயரை வைத்து ஊர் கண்டுபிடித்துவிடும். உயிரோடு இருப்பவர்களுக்கு அச்சாகும் முன் வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியில் பிள்ளை பெற்றோரை மன்னிக்க வேண்டுமா?

அப்படி ஒரு காட்சி கட்டாயம் இல்லை. மன்னிப்பு, கட்டிப்பிடித்து அழுவது எல்லாம் பிரதிகளில் அவசரமாக எழுதப்பட்டவையாகவே இருக்கின்றன. பிள்ளை வளர்ந்த பிறகு அந்தப் பழைய பழக்கங்களில் எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அவர் வருகிற நேரத்துக்குத் தம்ளரை அலமாரிக்குள் வைக்கிற அக்கா ஒருத்தி போதும்.

என் தம்பி பேரன் எடுத்துவிட்டான். முழங்கால் வலி, மாடிப்படி ஏறவே யோசிப்பான். போன வருடம் அம்மாவுக்கு ஒரு பரிசோதனை எடுத்து, முடிவு வாங்கப் போயிருந்தான். நானும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தெருமுனை திரும்பி எங்களைப் பார்த்ததும், கையில் காகிதத்தோடு, நொண்டிக்கொண்டே நாலு எட்டு ஓடினான். அம்மா எதுவும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய் அரிசி அளந்தாள்.